போர்வெல் வண்டி வருவதற்கு 15 நாள் முன்னால்

ஊராட்சி செயலராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதி பாறை நிலம். மண் சரியாமல் தாங்க நாற்பது அடி கேசிங் குழாய் இறக்கினால், அதற்குக் கீழே எல்லாம் கல். இப்போதும் யாராவது வாசலில் வந்து நின்று, "ஐயா, ஆழ்துளைக் கிணறு போட நாளைக் காலையில் போர் வண்டி வருகிறது, அனுமதிக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

குழி தோண்டுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் உள்ளாட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திறந்து கிடந்த ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்த வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை இது. அதையொட்டித் தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று தனி விதிகள் 2015இல் வந்தன. புதுக் குழிக்கு மட்டுமல்ல, பழைய கிணற்றை ஆழப்படுத்தவும் முன் அனுமதி வாங்கிவிடுங்கள். கிராம ஊராட்சியில் மனுவைத் தலைவர் பெயருக்கு எழுத வேண்டும். தலைவர் பதவிக்காலம் முடிந்திருந்தால் தனி அலுவலர் பெயருக்கு.

மனுவுடன் நான் கேட்டு வாங்கிய தாள்கள் இவை: பட்டா, சிட்டா நகல், புலப்பட (நில அளவை வரைபட) நகல், ஆதார் நகல், போர் வண்டி நிறுவனத்தின் பதிவுச் சான்று நகல். புலப்படத்தில் குழி விழப்போகும் இடத்தைச் சிவப்பு மையால் புள்ளி வைத்துக் காட்டச் சொல்வேன். அந்த ஒரு புள்ளியால் எத்தனையோ பங்காளிச் சண்டைகள் முளையிலேயே நின்றிருக்கின்றன. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் ஒப்புதல் கையெழுத்தையும் சேர்த்து வையுங்கள். பதிவுச் சான்று காட்டாத வண்டியை நிலத்துக்குள் விடவே கூடாது. நாளைக்கு ஒன்று நடந்தால் அந்த வண்டியை எங்கே போய்த் தேடுவீர்கள்?

கட்டணத்தை ஊராட்சி அலுவலகத்தில் கட்டி, எண் போட்ட ரசீது வாங்குங்கள். அலுவலகத்தில் சொன்ன தொகையும் ரசீதில் எழுதிய தொகையும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். வண்டி முகவர் "அனுமதியெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மொத்தமாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கையில் கடைசிவரை ஒரு தாளும் இருந்ததில்லை. மனுவின் இன்னொரு படியில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எளிது. நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இனிமேல்தான்.

ஒரு சித்திரை மாதம், எங்கள் ஊர் எல்லையில் ஒருவர் 720 அடி வரை போட்டார். புழுதிதான் வந்தது. நகையை அடகு வைத்த பணம். வண்டி போன மூன்றாம் நாள் நான் அங்கே போனேன். ஆறரை அங்குலக் குழியின் மேல் ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். அவ்வளவுதான். சாக்கை விலக்கி ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். சுவரில் தட்டித் தட்டிப் போன சத்தம், நின்றதா இல்லையா என்றே தெரியாமல் தேய்ந்துபோனது. அவர் வரப்பில் உட்கார்ந்து, "இன்னும் இதற்கு நான் செலவு செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் வராத குழியைத் திரும்பிப் பார்க்கக்கூட யாருக்கும் மனம் வராது. திறந்த குழிகள் அப்படித்தான் கிடந்துவிடுகின்றன.

அதனால் மூடும் செலவை வண்டி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும்போதே, தண்ணீர் இல்லையென்றால் குழியை நிரப்பி மூடிக் கொடுப்பது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். கணக்கும் சொல்கிறேன்: ஆறரை அங்குல அகலம், 720 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 165 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). குழியிலிருந்து வந்த கல்தூளை அள்ளிக்கொண்டு போக விடாதீர்கள். அதையே திரும்பப் போடலாம். களிமண், மணல், கூழாங்கல் எதுவானாலும் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரம்ப வேண்டும். கூடை கூடையாகக் கவிழ்த்தால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் விட்டு இறக்குங்கள். அவருடைய குழியை நான்கு பேர் சேர்ந்து ஒன்றரை நாளில் நிரப்பினோம்.

தண்ணீர் வந்த குழிக்கும் வேலை உண்டு. கேசிங் குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் கான்கிரீட் மேடை, உயரம் 0.60 மீட்டர், அதில் பாதி மண்ணுக்குள், பாதி மேலே. குழாயின் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட் முடுக்கிய மூடி போட வேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்கம்பி வேலியும், வண்டி நிறுவனம், நில உரிமையாளர் இருவரின் முகவரி எழுதிய பலகையும் இருக்க வேண்டும். துளையிடும்போது சேறு தேங்க வெட்டிய குழிகளையும் மூடிவிட வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுத்த நாளில்தான் பலரும் அசந்துவிடுகிறார்கள். அன்று இரவும் மூடி இருக்க வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையை மீட்க நான்கு நாள் போராடியும் உயிருடன் எடுக்க முடியவில்லை. அந்த நாட்களில் நான் தூங்கவில்லை. எங்கள் ஊராட்சியின் குழிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன்.

தண்ணீரை விற்பதற்காகப் போடுகிறீர்கள் என்றால் ஊராட்சி அனுமதி மட்டும் போதாது. நீர்வளத்துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவில் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு முன் உங்கள் குறுவட்டம் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிர்கா) நிலத்தடி நீர்க் கணக்கில் எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள். 2017 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டவை. அங்கே கேன் தண்ணீர் ஆலைக்கெல்லாம் இடமில்லை. இலவச விவசாய மின் இணைப்பில் இறைத்த தண்ணீரை லாரிக்கு விற்பதும் குற்றம்.

அடுத்தவர் நிலத்தில் திறந்த குழியைக் கண்டால் புல எண்ணைக் குறித்து, படம் எடுத்து, அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் முன்பாக, நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரு குழந்தையால் அசைக்க முடியாத கல்லைப் புரட்டி அதன் வாயில் வைத்துவிட்டுப் போங்கள்.