ஹவாய்த் தீவுகளுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாய்ப் பழங்குடி மக்களின் மரபுக் கதையில், விண் தந்தையான வாக்கேயாவுக்கு இறந்தே பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் 'காலோ' என்னும் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாதான் அம்மக்களின் மூதாதை. ஆகவே, அவர்கள் உண்ணும் கிழங்கும் அது விளையும் மண்ணும் அவர்களுக்கு மூத்தவர் முறை. இதை அறியாமல் இயற்கையை வெறும் காட்சியாகவும், பண்பாட்டை விடுதியில் நடக்கும் மாலை நேர நடனமாகவும் பிரித்துப் பார்ப்பதே முதல் தவறு என்று நான் கருதுகிறேன். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவையே.

அழுக்கான காலணியோடு காட்டுக்குள் நுழைவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால், ஆறிய எரிமலைக் குழம்பின் மேல் முதலில் வேரூன்றி, மழைநீரைப் பிடித்து நிலத்தடிக்கு அனுப்பும் ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்து வருகிறது. 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவில் 2014இல் அடையாளம் காணப்பட்ட இந்நோய், 2018இல் கவாய் தீவிலும் தென்பட்டது. மண் துகளில் ஒட்டிப் பயணிக்கும் பூஞ்சை, பட்டையில் ஏற்படும் காயத்தின் வழியே மரத்துக்குள் புகுகிறது. ஆகவே, நடைபாதைக்குள் செல்லும் முன்பும் வெளியே வந்த பின்பும் காலணி மண்ணைத் துலக்கிவிட்டு, 70 விழுக்காடு ஆல்கஹால் தெளிக்க வேண்டும். கிளையை ஒடிப்பதோ பட்டையில் பெயர் செதுக்குவதோ கூடாது. ஓஹியாவின் செந்நிற லேஹுவா மலர் ஹுலா நடனத்தோடும் எரிமலைத் தெய்வம் பெலேயின் கதையோடும் பிணைந்தது என்பதால், மரம் சாகும்போது வழிபாடும் இழப்புக்குள்ளாகிறது.

எரிமலைப் பூங்காவில் கல்லெடுப்பது சட்டத்துக்கு எதிரானது. பெலேயின் சாபத்துக்கு அஞ்சிக் கற்களைத் தபாலில் திருப்பி அனுப்புவோர் பலர். அச்சத்தை விட, அது பெலேயின் இருப்பிடம் என்ற மரியாதை தொடக்கத்திலேயே இருந்தால் போதும். பொழுதுபோக்காகக் கற்களை அடுக்கி வைப்பதும் தவறு. எரிமலைப் பாறைவெளியில் கற்குவியல்களே பாதையைக் காட்டுகின்றன. போலிக் குவியல் நடப்பவரை வழிதவறச் செய்யும்.

விலங்குகளிடம் அன்பு காட்டுவதாக எண்ணித் தீங்கு செய்பவர்களும் உண்டு. நேனே வாத்துக்குத் தீனி போட்டால், அது சாலையோரத்திலேயே காத்திருந்து வண்டியில் அடிபடுகிறது. சுழல் ஓங்கில்கள் (டால்பின்கள்) இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில் விரிகுடாக்களில் ஓய்வெடுப்பவை. அவற்றோடு நீந்துவது அந்த ஓய்வைக் கெடுப்பதாகும். 2021 முதல் அவற்றை 45 மீட்டருக்குள் நெருங்கத் தடை உள்ளது. பவளப்பாறைகளின் நலனுக்காக ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனையும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் களிம்பின் மேலுறையையும் படித்துப் பாருங்கள்.

கவாயில் உள்ள 'இறைவன் கோயில்' என்னும் சிவன் கோயிலைக் காணச் செல்லும் தமிழர்கள், தீவின் வடகரையில் இருக்கும் ஹாயேனா பூங்காவுக்கும் செல்ல விரும்புவார்கள். 2018 வெள்ளத்தில் மூடப்பட்ட அப்பூங்கா, மறு ஆண்டு, நாளொன்றுக்கு 900 பேர் என்ற வரம்போடு திறக்கப்பட்டது. ஹவாய்க்கு வெளியிலிருந்து வருவோர் முன்பதிவு செய்யாமல் போய், சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி நுழைய முயலக் கூடாது. உள்ளே நடைபாதை, ஊர் மக்கள் மீட்டெடுத்த காலோ வயல்களின் ஊடே செல்கிறது. படம் எடுப்பதற்காக வரப்பில் இறங்காதீர்கள்.