ட்ரெய்லர் இழுக்க வேகமான எஸ்யூவி: கதவோரத்து ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பியுங்கள்

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 சாலையில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம் வரும். ஏசியை அணைத்துவிட்டு ஏறுங்கள் என்று சாலையோரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், பின்னால் தங்கிப் படுக்கும் கேம்பிங் ட்ரெய்லரோடு அந்த ஏற்றத்தின் பாதியில் என் வண்டி நின்றது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு. வெளியே 104 டிகிரி. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆறும்வரை இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் இருந்தோம்.

அது இரட்டை டர்போ போட்ட, நல்ல வேகமான எஸ்யூவி. விளம்பரத்தாளில் 7,200 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தது. என் ட்ரெய்லர் 6,100 பவுண்டுதான். கணக்குப்படி எல்லாம் சரி. எந்தக் கணக்கு என்பதில்தான் கோட்டை விட்டேன். அதன் பிறகு ஒரு வருடம் படித்து, எடை போட்டுப் பார்த்து, வேறு வண்டி வாங்கினேன். அந்த வழியை அப்படியே எழுதுகிறேன். ஹிட்ச் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி) மாட்டுவது, ரிவர்ஸ் எடுப்பது பற்றியெல்லாம் இதில் இல்லை. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது மட்டும்.

படி 1: வண்டியை விடுங்கள், ட்ரெய்லரை எடை போடுங்கள்

விற்பவர் சொல்லும் எடை காலி எடை. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, நாற்காலி எதுவும் அதில் இருக்காது. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்கை நிரப்பினால் அது மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். என் ட்ரெய்லர் காலியாக 4,900. கிளம்பும்போது 6,100.

ட்ரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். பெரிய செலவில்லை. ட்ரெய்லரோடு ஒருமுறை, கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை ஏற்றுங்கள். ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போது வண்டியின் இரண்டு அச்சுகளிலும் கூடுதலாக ஏறிய எடை எவ்வளவோ, அதுதான் ஹிட்ச் மேல் அழுத்தும் எடை. தமிழில் இதற்கு ஒரு பெயரும் கண்ணில் படவில்லை. மூக்கு எடை என்று வைத்துக்கொள்கிறேன். ட்ரெய்லர் இன்னும் வாங்கவில்லையென்றால் அதன் உச்ச எடையில் (சாமானோடு சேர்த்து அனுமதித்த அதிகபட்ச எடை) 13 சதவீதம் என்று போடுங்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும்.

படி 2: ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள்

நான் விழுந்த குழி இதுதான். மற்ற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒரு வரி: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. அதுதான் பேலோடு. ட்ரெய்லரின் மூக்கு எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். விளம்பரத்தாளில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

என் பழைய வண்டியின் ஸ்டிக்கரில் 1,180 பவுண்டு என்று இருந்தது. இப்போது என் கணக்கைப் பாருங்கள். நாங்கள் நால்வரும் சேர்ந்து 480. டிக்கியில் ஐஸ் பெட்டி, பைகள் 160. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் 80. ட்ரெய்லரின் மூக்கு எடை, 6,100-ல் 13 சதவீதம், 793. மொத்தம் 1,513. அனுமதித்ததைவிட 333 பவுண்டு அதிகம். இழுவைத் திறன் 7,200 என்பதில் 1,100 பவுண்டு மிச்சமிருந்தபோதே இந்தப் பக்கம் நான் எல்லையைத் தாண்டியிருந்தேன்.

இதையே திருப்பிப் போடுங்கள். 1,180-லிருந்து ஆட்கள், சாமான், ஹிட்ச் மூன்றையும் கழித்தால் மிச்சம் 460. அதை 0.13-ஆல் வகுத்தால் சுமார் 3,540. அதாவது 7,200 பவுண்டு என்று விற்ற வண்டி, என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பாக இழுக்கக் கூடியது 3,540 பவுண்டு. பாதிகூட இல்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற அளவுகோல்படி இழுவைத் திறனைச் சோதிக்கிறார்கள். நல்ல அளவுகோல்தான். அரிசோனாவின் 68-ஆம் எண் சாலையில் உள்ள டேவிஸ் டேம் ஏற்றம்தான் அதன் களம். 100 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில், சுமார் 3,000 அடி ஏற வேண்டும். சாதாரண வண்டிகள் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பது ஆளுக்கு 150 பவுண்டு என்ற கணக்கில் ஓட்டுநரும் இன்னொருவரும்தான். பிள்ளைகள் இல்லை, டிக்கியில் சாப்பாட்டுப் பெட்டி இல்லை.

ஐரோப்பிய வண்டிகளில் இன்னொரு சிக்கல். போர்ஷே கயேன் போன்றவற்றுக்குப் போடும் 3,500 கிலோ, அதாவது சுமார் 7,700 பவுண்டு, அங்கே கார்களுக்கான ட்ரெய்லர் வகுப்பின் மேல் வரம்பு. ஜெர்மனியில் ட்ரெய்லரோடு போகும் காருக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான் வேகம். அதனால் மூக்கு எடையைக் குறைவாக வைத்தே ஓட்டுகிறார்கள். நாம் அதே வண்டியில் அமெரிக்க ட்ரெய்லரை மாட்டி 65 மைலில் போகிறோம். எண் ஒன்றுதான், சுமை வேறு. நண்பர் ஒருவர் போனில், "அண்ணே, 7,700 போட்டிருக்கான், நம்ம ட்ரெய்லர் 6,000 தானே, அப்புறம் என்ன?" என்றார். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த நாள் அவரே அழைத்து அந்த வண்டி வேண்டாமென்றார்.

ஒரே மாடலில்கூட இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். பெரிய சக்கரம், கண்ணாடிக் கூரை, மூன்றாவது வரிசை இருக்கை எல்லாம் பேலோடைத் தின்றுவிடும். அதனால் இணையத்தில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள். வாங்கப் போகும் அந்த ஒரே வண்டியின் கதவுப் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் நான் வாங்க மாட்டேன்.

படி 3: 70 சதவீதம்

ஸ்டிக்கர் கணக்கில் தேறியவற்றில், ட்ரெய்லரின் உச்ச எடை வண்டியின் இழுவைத் திறனில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது சட்டம் இல்லை, என் பிடிவாதம். மலையும் வெயிலும் இல்லாத ஊரில் இருப்பவர்கள் 80 வரை போகலாம்.

படி 4: நம்பகத்தன்மையை எஞ்சின் பெயரில் தேடுங்கள்

"அந்தக் கம்பெனி வண்டின்னா கவலையே இல்லை" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 2024 மே மாதம் டொயோட்டா, 2022, 2023 மாடல் டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000-ஐத் திரும்ப அழைத்தது. இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்குள் கடைசல் துகள்கள் தங்கியிருக்கலாம் என்பது காரணம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 போட்ட 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளை அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் திரும்ப அழைத்தது. இரண்டுமே இழுவைக்குப் பெயர் போனவை. எந்த எஞ்சின், எந்த வருடம் என்றுதான் பார்க்க வேண்டும்.

என்.ஹெச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைப் போட்டால் நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகள் தெரியும். மாடலையும் வருடத்தையும் போட்டால் மக்கள் எழுதிய புகார்களும், தயாரிப்பாளர் பட்டறைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளும் கிடைக்கும். சுற்றறிக்கைகள்தான் எனக்குப் பிடித்த இடம். ஒரு கோளாறு அடிக்கடி வருகிறது என்று கம்பெனியே எழுத்தில் ஒப்புக்கொள்வது அங்கேதான்.

ஜே.டி. பவர் நிறுவனத்தின் நம்பகத்தன்மைத் தரவரிசையைப் பார்த்தால் ஒன்றை மனதில் வையுங்கள். அது மூன்று வயது வண்டிகளைப் பார்க்கிறது. திரை உறைந்ததும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் போனதும் ஒரு கோளாறு. ட்ரெய்லர் இழுப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கோளாறுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகிறது. அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், குளிரூட்டல் ஆகியவற்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஒதுக்குங்கள்.

பழைய வண்டி என்றால் தெரிந்த நோய்களைக் கேட்டு வாங்குங்கள். முதல் தலைமுறை கயேன் வி8-ல் எஞ்சினுக்கு மேலே ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் விரிசல் விடும். அலுமினியக் குழாய் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். டாட்ஜ், ஜீப் வண்டிகளின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினில் வால்வுகளை இயக்கும் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும் தேய்வது பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: சூடு

இழுவைத் திறனும் நம்பகத்தன்மையும் மோதுகிற இடம் கியர்பாக்ஸ் எண்ணெய். வேகமான எஸ்யூவியில் 400 குதிரைத்திறன் இருக்கலாம். அதைச் சில விநாடிகள் பயன்படுத்துவதற்காகத்தான் பெரும்பாலும் குளிரூட்டல் அமைத்திருப்பார்கள். ட்ரெய்லரோடு ஏற்றத்தில் இருபது நிமிடம் தொடர்ந்து அழுத்தும்போது அந்தச் சூடு போக வழி வேண்டும். எனவே தொழிற்சாலையிலேயே இழுவைத் தொகுப்போடு வந்த வண்டியை மட்டும் வாங்குங்கள். கூடுதல் ஆயில் கூலர், பெரிய ரேடியேட்டர், ஏழு முனை மின்இணைப்பு எல்லாம் அதில் வந்துவிடும். வெளியே ஹிட்ச் மட்டும் மாட்டிய வண்டியில் இவை இருக்காது. ஹிட்ச் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வின் எண்ணைக் கொடுத்து, எந்தத் தொகுப்போடு வந்தது என்று ஷோரூமில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் பழைய வண்டிக்கு, கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சர்வீஸில் சொன்னார்கள். நம்பினேன். பிஎம்டபிள்யூ, ஜீப், டாட்ஜ் எனப் பலரும் பயன்படுத்தும் எட்டு கியர் பெட்டியை வடிவமைத்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. இழுவைக்குப் பயன்படுத்தினால் இன்னும் முன்னதாக. நான் 40,000 மைலில் மாற்றிவிடுகிறேன்.

வண்டியின் கணினியோடு இணையும் ஒரு ஓபிடி2 புளூடூத் கருவி வாங்கி, கைபேசியில் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். விளக்கு எரியும்வரை காத்திருந்தால் தாமதம். 220 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வருவேன். 240 நெருங்கினால் ஓரம் கட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆற வைப்பேன்.

இறக்கத்தில் பிரெம்போ போன்ற வலுவான பிரேக் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். அது வண்டியின் எடைக்குப் போட்டது. ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கும், வண்டிக்குள் அதை இயக்கும் கன்ட்ரோலரும் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் அது கட்டாயம்.

நான் எதை வாங்கினேன்

கடைசிச் சுற்றில் மூன்று வண்டிகள் நின்றன. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்டி: 400 குதிரைத்திறன், ஓட்ட அருமை, ஆனால் நான் பார்த்த வருடத்து மாடலில் இழுவை 5,600 பவுண்டு, 70 சதவீதம் போட்டால் 3,920. இரண்டாம் தலைமுறை கயேன்: மனசுக்குப் பிடித்தது, பழுது வந்தால் பை தாங்காது. டாட்ஜ் டுராங்கோ ஆர்/டி: 5.7 ஹெமி, 7,400 பவுண்டு, 70 சதவீதம் 5,180.

டுராங்கோவை எடுத்தேன். லிஃப்டர் பயம் இருந்தும் எடுத்தேன். எண்ணெய் மாற்றிய ரசீதுகள் முழுதாக இருந்தன, இழுவைத் தொகுப்பு தொழிற்சாலையிலேயே போட்டது, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். பழைய ட்ரெய்லரையும் விற்றுவிட்டு, உச்ச எடை 4,800 பவுண்டு கொண்ட சின்னதை வாங்கினோம். மூக்கு எடை 624. ஆட்கள், சாமான், ஹிட்ச் சேர்த்து 1,344. ஸ்டிக்கருக்குள் அடங்குகிறது. பிள்ளைகளுக்குப் பழைய ட்ரெய்லரின் மாடிப் படுக்கை போனதில் வருத்தம்தான். போன ஜூலையில் அதே ஐ-17 ஏற்றத்தில் வெப்பம் 212-ஐத் தாண்டவில்லை.

பின்சேர்க்கை 1: எடையைப் பகிரும் ஹிட்ச் மாட்டினால் பேலோடு கூடுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. பின் அச்சில் விழும் எடையில் கொஞ்சத்தை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளும், அவ்வளவே. சில ஐரோப்பிய வண்டிகளின் கையேட்டில் அதை மாட்டவே வேண்டாம் என்று எழுதியிருக்கும். வாங்கும் முன் கையேட்டில் இழுவைப் பகுதியை முழுதாகப் படியுங்கள். ஒரே மாடலின் அதிவேக வகைக்கு மட்டும் வேறு வரம்பு இருந்தாலும் அங்கேதான் தெரியும்.

பின்சேர்க்கை 2: டயரை எழுத மறந்துவிட்டேன். 21, 22 அங்குல சக்கரத்தில் மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயரோடு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு ஸ்டெப்னியே கிடையாது. ஓட்டையடைக்கும் திரவம் மட்டும்தான். வேறு டயர் போட்டால் சுமைக் குறியீடு (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) வண்டியோடு வந்த டயரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. நான் 20 அங்குலத்திலேயே இருக்கிறேன், முழு அளவு ஸ்டெப்னியை ட்ரெய்லரில் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 3: மின்சார வண்டி பற்றி, டெஸ்லா மாடல் எக்ஸ் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இழுவைத் திறன் டெஸ்லா மாடல் எக்ஸுக்கு 5,000 பவுண்டு, ரிவியன் ஆர்1எஸ்ஸுக்கு 7,700 பவுண்டு. இழுக்கும் பலத்தில் குறையே இல்லை, கியர்பாக்ஸ் எண்ணெய்க் கவலையும் பெரிதாக இல்லை. ஆனால் உயரமான ட்ரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். பல சார்ஜிங் இடங்களில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட முடியும். ஸ்டிக்கர் கணக்கு அதற்கும் இதேதான். அந்த வாசகருக்கு: கதவுப் படத்தையும் ட்ரெய்லரின் உச்ச எடையையும் அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.