மாஸ்டர் பெட்ரூம்: சுவரை இடிப்பதற்கு முன்னால் தரையில் வரைந்து பாருங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது குளியலறையோடு கூடிய பெரிய படுக்கையறை ஒன்று வேண்டும் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பார்ப்பது டைல்ஸையும் பெயின்ட் கலரையும்தான். அதெல்லாம் கடைசி வேலை. கட்டில், அலமாரி, குளியலறை, இந்த மூன்றுக்கும் நடுவில்தான் தினமும் நடக்கப் போகிறீர்கள், அதுவும் நடுராத்திரி பாதித் தூக்கத்தில். அந்த வழி சரியாக அமையாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் அறை இடைஞ்சலாகவே இருக்கும்.

கட்டிலில் ஆரம்பியுங்கள். கிங் சைஸ் மெத்தை சுமார் 6 அடி அகலம், 6½ அடி நீளம். கட்டிலின் சட்டம் சேர்ந்தால் இன்னும் சில அங்குலம் கூடும். இரண்டு பக்கமும் 2½ அடி விட்டால்தான் ஒருவர் இறங்கும்போது மற்றவர் எழுந்து வழிவிட வேண்டியிருக்காது, ஆக அகலவாக்கில் மட்டும் 11 அடிக்கு மேல் தேவை. அவ்வளவு இடம் இல்லையென்றால் 5 அடி அகலமுள்ள குயின் சைஸ் போதும், அதில் ஒரு குறையும் இல்லை. அலமாரிக்கு 2 அடி ஆழம் வேண்டும், ஹேங்கரில் மாட்டிய சட்டை குறுக்கே நிற்க அதுதான் அளவு. கதவு திறக்கவும் முன்னால் நின்று துணி எடுக்கவும் இன்னொரு 3 அடி. தனி உடைமாற்றும் அறை என்றால் ஒரு பக்க அலமாரிக்கு 5 அடி அகலம், இரண்டு பக்கமும் என்றால் 7 அடி.

இந்த அளவுகளைக் காகிதத்தில் பார்த்தால் பிடிபடாது. காலி அறையில் மாஸ்கிங் டேப் ஒட்டியோ சாக்பீஸால் கோடு போட்டோ கட்டில், அலமாரி, கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் வரைந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடந்து பாருங்கள். எங்கே தோள் இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் குளியலறை. இது எங்கே வரும் என்பதை உங்கள் ஆசையைவிட கழிவுநீர்க் குழாய்தான் தீர்மானிக்கும். டாய்லெட்டுக்கு 4 அங்குலக் குழாய் வேண்டும், அது மேலிருந்து கீழே போகும் பெரிய குழாயைச் சேரும்வரை வாட்டம், அதாவது சரிவு, இருக்க வேண்டும், 10 அடி தூரத்துக்கு 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் குழாய் அடைக்காது. தூரம் கூடக்கூட வாட்டத்துக்காகத் தரையை உயர்த்த வேண்டிவரும், உயர்த்தினால் வாசலில் ஒரு படி வந்துவிடும், அந்தப் படி வயதான காலத்தில் தடுக்கும். அதனால் பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே புதுக் குளியலறையை வைக்கப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதுபோல் இருக்கட்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் கதவைத் தள்ள முடியாமல் தவிக்க வேண்டாம்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரும் டாய்லெட் சுவரும் ஒன்றாக இருக்கவே கூடாது, ஃபிளஷ் சத்தம் நேராகக் காதில் விழும். நடுவில் அலமாரி வந்தால் துணிகளே சத்தத்தைக் குறைத்துவிடும். ஆனால் ஷவர் சுவருக்குப் பின்னால் அலமாரி வேண்டாம், கொஞ்சம் ஓதம் ஏறினாலும் பிளைவுட் உப்பி, துணியில் பூஞ்சை பிடிக்கும்.

சுவரை எடுக்கும் விஷயத்தில் கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மேல் பாரத்தைத் தாங்கும் சுவரா, எடுத்தால் என்ன பீம் போட வேண்டும் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். அனுமதி வாங்க வேண்டிய ஊராக இருந்தால் அதையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

குழாய், ஒயர் எல்லாம் சுவருக்குள் போன பிறகு, பூச்சு பூசுவதற்கு முன், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது குழாய் எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பிளக் பாயின்ட் வேண்டும், விளக்குக்கு டூ-வே சுவிட்ச் ஒன்று வாசலிலும் ஒன்று கை எட்டும் தூரத்திலும். விளக்கின் ஒளி நிறம் 2700 முதல் 3000 கெல்வின் வரை இருந்தால் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். ஏசி காற்று நேராகப் படுப்பவர் மேல் அடிக்காத இடமாகப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும், ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டால் ஈரம் அங்கேயே தங்கிவிடும்.

இனி சொல்வதில் மட்டும் எதற்காகவும் அவசரப்படாதீர்கள். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சைத் தரை முழுக்கவும் ஷவர் பக்கச் சுவர்களில் 6 அடி உயரம் வரையும் அடிக்கச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் குழாய் வெளியே வரும் இடங்களிலும்தான் பெரும்பாலும் கசியும், அங்கே வலைத் துணி வைத்து இரண்டு கோட் அடிப்பது நல்லது. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, ஓரிரு அங்குலம் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். மட்டம் சட்டென்று இறங்கினாலோ கீழ்த் தளத்துச் சீலிங்கில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸை ஒட்ட விடாதீர்கள். ‘நாளைக்கு ஆள் வருகிறார், ஒட்டிவிடலாம்’ என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு வந்தால் மொத்தத் தரையையும் உடைக்க வேண்டியிருக்கும்.

அலமாரிக்கு அளவு எடுப்பது பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான். எந்தச் சுவரும் முழு நேராக இருக்காது, அதனால் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எது குறைவோ அதையே தச்சரிடம் கொடுங்கள்.