ஜப்பானில் பிணையாளர் இல்லாமல் வாடகை வீடு எடுப்பது எப்படி

ஜப்பானில் வாடகை வீடு தேடும் வெளிநாட்டவர் முதலில் இடறி விழுவது 'ரென்தாய் ஹோஷோநின்' என்ற சொல்லில்தான். வாடகைதாரர் பணம் கட்டத் தவறினால் அந்தக் கடனுக்கு அவருக்கு நிகராகவே பொறுப்பேற்கும் பிணையாளரை அது குறிக்கிறது. முதலில் வாடகைதாரரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று அந்தப் பிணையாளர் வாதிட முடியாது. ஜப்பானியக் குடும்பங்களில் பெற்றோரோ உடன்பிறந்தவரோ இந்தக் கையெழுத்தைப் போடுவது வழக்கம். கோவையிலிருந்து வேலைக்குப் போனவருக்கு அங்கே அப்படி யார் இருக்கப்போகிறார்கள்? ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 41.2 விழுக்காட்டினர், ஜப்பானியப் பிணையாளர் இல்லை என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகக் கூறினர்.

ஆனாலும் அலுவலக நண்பரையோ மேலாளரையோ பிணைக்கு அணுக வேண்டாம் என்றே சொல்வேன். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட குடிமைச் சட்டத்தின்படி, தனிநபர் வாடகைப் பிணையில் அதிகபட்சப் பொறுப்புத் தொகையை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் பிணை செல்லாது. பெரிய தொகையொன்றை எழுத்தில் கண்ட பிறகு கையெழுத்திட நெருங்கிய உறவினரே தயங்குவார்.

வேலைக்குச் செல்பவர் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நிறுவனம் தன் பெயரிலேயே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தருமா? தரும் என்றால் பிணைச் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

அந்த வசதி இல்லாதவர்கள் முதலில் யூஆர் வீடுகளைப் பார்ப்பது நல்லது. நகர்ப்புறப் புத்தாக்க முகமை (சுருக்கமாக யூஆர்) என்ற அரசுசார் அமைப்பு நாடெங்கும் சுமார் ஏழு லட்சம் வீடுகளை வாடகைக்கு விடுகிறது. இங்கே பிணையாளர் வேண்டாம், கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனமும் வேண்டாம். தரகுக் கட்டணம், 'ரெய்கின்' எனப்படும் நன்றித்தொகை, ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம் ஆகிய எதுவும் கிடையாது. இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகக் கட்டினால் போதும். இந்தியர்கள் நிறைந்த தோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் நம்மவர்கள் பலர் யூஆர் குடியிருப்புகளில் வசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிணைக்குப் பதிலாக யூஆர் பார்ப்பது வருமானத்தை. குடும்பமாகக் குடியேறுவோருக்கு, வாடகை 82,500 யென்னுக்குக் குறைவாக இருந்தால் மாத வருமானம் அதைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு லட்சம் யென்னுக்குள் என்றால் 3,30,000 யென் போதும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 4,00,000 யென் தேவை. தனியாக வசிப்பவருக்கு, இரண்டு லட்சத்துக்குக் குறைந்த வாடகைகளில் உச்ச வரம்பு இதைவிடக் குறைவு. இதை எட்டாதவர், வாடகையைப் போல் நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம். அல்லது ஓராண்டு வாடகை முழுவதையும் முன்னதாகவே செலுத்தி வருமான நிபந்தனையைக் கடந்துவிடலாம். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு வீடு கிடைக்காது. நடுத்தர, நீண்டகாலத் தங்கலுக்கான வசிப்பு அட்டை தேவை. யூஆர் வாடகை ஏழைகளுக்கான சலுகை வாடகை அன்று, ஏறத்தாழ சந்தை விலைதான். பல வீடுகளில் விளக்கும், எரிவாயு அடுப்பும், ஏசியும் நாம் வாங்கி மாட்ட வேண்டியவை.

விரும்பிய பகுதியில் யூஆர் வீடு காலியாக இல்லையென்றால், தனியார் வீட்டுக்குப் பிணை நிறுவனம் வழியாகச் செல்ல வேண்டும். 'ஹோஷோ கய்ஷா' எனப்படும் இந்த நிறுவனத்தைப் பெரும்பாலும் வீட்டுக்காரரோ தரகரோதான் தீர்மானிப்பார். நாம் தேர்ந்தெடுக்க முடிவது அரிது. தொடக்கக் கட்டணம் பொதுவாக மாத வாடகையில் பாதி முதல் முழு வாடகை வரை இருக்கும். அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 10,000 யென் வாங்குவது பரவலான வழக்கம். இது நமக்கான காப்பீடு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். நாம் தவறிய வாடகையை நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு, அதே தொகையை நம்மிடம் வசூலிக்கும். ஆனால் நிறுவனத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு: மூன்று மாத பாக்கி சேர்ந்தால் முன்னறிவிப்பின்றி வாடகை ஒப்பந்தத்தை நிறுவனமே முறிக்கலாம் என்று ஒரு பிணை ஒப்பந்தத்தில் இருந்த விதியை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் செல்லாததாக்கியது.

விண்ணப்பத்துடன் வசிப்பு அட்டை, கடவுச்சீட்டு, வேலை அல்லது கல்லூரிச் சான்று, வருமானச் சான்று அல்லது வங்கி இருப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். கூடவே 'கின்க்யூ ரென்ராகுசாகி', அதாவது அவசரத் தொடர்புக்கு ஒருவரின் பெயரையும் கேட்பார்கள். இவருக்கு வாடகைப் பொறுப்பு எதுவும் இல்லை; ஆகவே நண்பரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். படிவத்தில் பிணையாளருக்கான இடத்தில் அவர் பெயரை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க நிறுவனம் தொலைபேசியில் அழைக்கக்கூடும். உரையாடல் ஜப்பானிய மொழியில் இருக்கலாம் என்பதால் வெளிநாட்டவருக்கென்றே சேவை செய்யும் பிணை நிறுவனத்தை ஏற்கும் வீடுகளைக் காட்டும்படி தரகரிடம் தொடக்கத்திலேயே சொல்வது பயனளிக்கும். வீட்டைப் பார்க்கப் போகும் முன், வெளிநாட்டவருக்குத் தருவார்களா என்று தரகரை விசாரிக்கச் சொல்லுங்கள். பார்த்துப் பிடித்துப்போன பின் மறுக்கப்படுவதைவிட அது மேல்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாத வாடகை 80,000 யென் என்றால், வைப்புத்தொகை ஒரு மாதம், ரெய்கின் ஒரு மாதம், தரகு வரியுடன் 88,000, முதல் மாத வாடகை, பிணைக் கட்டணம் 40,000 முதல் 80,000 வரை, தீக் காப்பீடும் பூட்டு மாற்றமும் சேர்ந்து ஏறத்தாழ 40,000 என்று நான்கு லட்சம் யென்னைத் தாண்டிவிடும். சென்னையில் பெரிய அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்குத் தொகை அதிர்ச்சி தராது. ஆனால் அட்வான்ஸ் திரும்பி வரும், ரெய்கின் ஒருபோதும் திரும்பாது. அதே வாடகைக்கு யூஆரில் வைப்புத்தொகையும் முதல் மாத வாடகையும் சேர்ந்து 2,40,000 யென்னில் முடியும்.

தொலைபேசி எண் இல்லாமல் வீடு இல்லை, முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் தொலைபேசி எண் இல்லை என்ற சுழலில் புதிதாக வருபவர் மாட்டிக்கொள்வதுண்டு. அவர் முதல் ஓரிரு மாதங்களுக்குப் பிணை கேட்காத ஷேர் ஹவுஸிலோ மாத வாடகை அறையிலோ தங்கலாம். முகவரியைப் பதிவு செய்ய அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டு, குடியேறிய 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும்.

சாவி கிடைத்த அன்றே, பொருட்களை உள்ளே கொண்டுவரும் முன்பாக, சுவர், தரை, குளியலறை என ஒவ்வொரு கீறலையும் தேதியுடன் படமெடுத்துத் தரகருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இயல்பான தேய்மானத்தைச் சரிசெய்யும் செலவு வாடகைதாரருடையது அல்ல என்று அதே 2020 திருத்தம் சொல்கிறது. காலி செய்யும்போது வைப்புத்தொகையில் பிடித்தம் பற்றிப் பேச்சு எழுந்தால் அந்தப் படங்களைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.