வயிற்றின் நடுக்கோட்டை விரலால் தொட்டுப் பார்ப்பது எப்படி

இரண்டாவது பிரசவம் முடிந்து நான்காவது மாதம். படுக்கையிலிருந்து நேராக எழுந்தபோது தொப்புளுக்கு மேலே ஒரு முகடு புடைத்தது. கொழுப்பு என்றே நினைத்தேன். இரண்டு தசைகளுக்கு நடுவிலிருக்கும் இணைப்புத் திசு தளர்ந்திருக்கிறது என்று ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் என் விரலையே வைத்துக் காட்டினார்.

தொடுவதற்கு முன் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை ரெக்டஸ் என்ற இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றன. பக்கவாட்டில் மூன்று அடுக்குகள். மேலடுக்கின் இழைகள், பேண்ட் பையில் கைவிட்டால் விரல் நீளும் திசையில் சாய்கின்றன. நடு அடுக்கு அதற்குக் குறுக்கே ஓடுகிறது. உள்ளடுக்கு பெல்ட் மாதிரி வயிற்றைச் சுற்றி வருகிறது. மூன்றுமே முன்பக்கம் வரும்போது தட்டையான நார்ப் பட்டைகளாகி, ரெக்டஸுக்கு உறை போட்டு, நடுவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல்தான் லீனியா ஆல்பா. பக்கத் தசை இறுகினால் நடுக்கோடு விறைப்பது இதனால்தான். எனக்கு இது புரிந்த பிறகுதான் பயிற்சியே புரிந்தது.

சரி, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். விரல் நுனிகள் பாதத்தைப் பார்க்கும்படி தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மூச்சை விட்டபடி தலையை லேசாகத் தூக்குங்கள். இருபுறத் தசை விளிம்புகளும் விரலை நெருக்கும். நடுவில் எத்தனை விரல் நிற்கிறது என்று பாருங்கள். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இதே போல. மேல்பக்கம் இயல்பாகவே அகலம் கூடுதல். சுமார் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பொதுவாகத் தசை விலகல் என்பார்கள்.

ஆனால் அகலத்தை மட்டும் எண்ணிப் பயப்படாதீர்கள். விரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். மெத்தையில் அமுங்குவது போல இறங்குகிறதா, இழுத்துக் கட்டிய துணி மாதிரி எதிர்க்கிறதா? அப்புறம், மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, மறுபடி தலையைத் தூக்குங்கள். இப்போது விரலுக்கு அடியில் விறைத்தால் உள்ளடுக்கு வேலை செய்கிறது.

சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஓரிடத்தில் மட்டும் உருண்டையாகப் புடைத்தால் அது ஹெர்னியாவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். அது கெட்டியாகி வலித்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ அன்றே, உடனே போக வேண்டும்.

எனக்கு இப்போதும் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது, ஆனால் விரல் இறங்குவதில்லை. படுக்கையிலிருந்து இன்றும் ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழுகிறேன்.