சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கி இரத்தத்தில் சீனியைக் குறைக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்கும் பழக்கம் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கமும் பரவி வருகிறது. முறையில் குற்றமில்லை. எடை குறைந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், சீனி இறங்கும். ஆனால் தேயிலைத் தோட்டத்து வேலையோடு சேர்த்து இதைச் செய்பவர்கள் சில விஷயங்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிகப் பெரிய தவறு, சீனி வியாதிக்கான குளிசையை வழக்கம்போல் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டை மட்டும் விடுவது. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் அப்படியல்ல. வயிறு காலியாக இருந்தாலும் அவை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கொழுந்துக்கூடையோடு மலை ஏறினால் தசைகளும் சீனியை இழுத்துக்கொள்ளும். கை நடுக்கம், படபடப்பு, குளிரிலும் வியர்வை, பேச்சுக் குழறல் எல்லாம் சீனி 70க்குக் (mg/dL) கீழே போவதன் அறிகுறிகள். சரிவில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடனே உட்கார்ந்து, 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். அன்றைய விரதம் அதோடு முடிந்தது. வேலைக்குப் போகும்போது சிறிய சீனிப் பொட்டலம் கூடவே இருக்கட்டும். பிரஷருக்கு அட்டெனலோல் போடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும்.

அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடங்குவதற்கு முன்பே கிளினிக்கில் குளிசை அட்டைகளைக் காட்டி, எத்தனை மணிக்கு மலைக்குப் போகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியது டொக்டர். கந்த சஷ்டி விரதத்துக்கும் ரம்ழான் நோன்புக்கும் இதே பேச்சுத்தான்.

எந்த நேரச் சாப்பாட்டை விடுவது? என்னைக் கேட்டால் காலையை விடவே வேண்டாம், இரவுச் சாப்பாட்டை முன்னே கொண்டுவாருங்கள். பொழுது சாயச் சாய உடம்பு சீனியைச் சமாளிக்கும் திறன் குறைகிறது. மாலை 7க்கு முடித்துக் காலை 7க்குச் சாப்பிட்டாலே 12 மணி நேரம் ஆகிவிடும், தொடக்கத்துக்கு அது போதும். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும் பெண்களுக்கு இது லேசில்லை. வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் சமையலில் கைகொடுத்தால்தான் நடக்கும்.

விரத நேரத்தில் வெந்நீரும் சீனி போடாத சாயத் தேத்தண்ணியும் குடிக்கலாம். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அதுவும் சீனிதான். அப்புறம், பசித்திருந்த கையோடு கோதுமை மா ரொட்டி நாலைந்தை உருளைக்கிழங்குக் கறியோடு சாப்பிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ரொட்டியைக் குறைத்து, பருப்பு, முட்டை, கீரை என்று கூட்டுங்கள். சாப்பாட்டின் மொத்த அளவு குறையாமல் நேரத்தை மட்டும் சுருக்குவதால் பெரிய பலன் இல்லை.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், மெலிந்து இரத்தம் குறைந்தவர்கள், சிறுநீரக வியாதிக்காரர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வெறும் வயிற்றில் சீனி 100 முதல் 125 வரை இருந்து, குளிசை எதுவும் எடுக்காதவர்களுக்கு இது ஏற்ற வழி. அவர்களிடமும் ஒரு தவறைப் பார்க்கிறேன்: கிளினிக் நாளுக்கு முன் இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுவது. காலையில் எடுக்கும் இரத்தத்தில் அது நல்ல எண்ணாகத் தெரியலாம். ஆனால் எச்பிஏ1சி (HbA1c) என்ற இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய கடந்த 3 மாத நிலையைக் காட்டிவிடும். அதில் 5.7 சதவீதத்துக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள்.