மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டக் கையுறை வாங்கும்போது

கீழே விழும்போது நம்மை அறியாமலே முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான். அதனால் செங்குத்தான சரிவில் இறங்குகிறவர்களுக்கு அரைவிரல் கையுறை வேண்டவே வேண்டாம். விரல் முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

உள்ளங்கையில் தடிமனான பஞ்சு இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று தோன்றும். ஆனால் கைப்பிடியைப் பிடித்ததும் அது மடிந்து சுருளும். பிடி நழுவாமலிருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்போம், முன்கை சீக்கிரம் கடுத்துவிடும். மெல்லிய, கிழியாத ஒற்றை அடுக்கே எனக்குச் சரியாகப் படுகிறது. காப்பு தேவைப்படுவது விரல் முட்டிகளுக்கு. குறிப்பாகச் சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கம். குறுகிய பாதையில் மரத்தில் உரசுவது அந்தப் பக்கம்தான்.

அளவைக் கையை விரித்து வைத்துப் பார்க்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரலால் பிரேக்கை நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். விரல் நுனியில் துணி மிஞ்சினால் பெரியது. விரலிடுக்கில் இழுத்தால் சின்னது. பிரேக் படுகிற இடத்தில் தையல் உறுத்தினால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். நீளமான இறக்கத்தில் அந்த இடம் கொப்பளித்துவிடும்.

அப்புறம், பலமாக விழுந்து எழுந்தால் உள்ளங்கைத் தையலைத் திருப்பிப் பாருங்கள். பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.